எண்பத்திரண்டு ஆட்டுக் கண்கள்

இன்னொருவர் வரைந்த நாற்பத்தொரு ஆடுகளின் கண்களை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் மாற்றினேன். கேட்டபோது, நான் மாற்றவில்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவர் கைக்கு வரவிருந்த ஐந்து புத்தகங்கள் வராமல் போயின. அவற்றில் ஒன்றை நானே வரைந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைய வந்திருக்கும் உங்களுக்காக, மரபான பாணியையும் இன்றைய பாணியையும் ஒப்பிட்டு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பாணிகளையும் ஒரே ஆட்டின் முகத்தில் ஒட்டிப் பார்த்தவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

ஓவியக் கல்லூரியில் படித்து முடித்ததும் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டும் பட்டறை ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மயிலோ யானையோ பூதமோ, எதைத் தீட்டினாலும் அங்கே கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். கண் திறப்பது என்று அதற்குப் பெயர். ஒருநாள் மேஸ்திரி ஒரு மயில் வாகனத்தை முடித்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். கண் மட்டும் பாக்கி. மயில் வெற்று முகத்தோடு சுவரைப் பார்த்து நின்றது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு கண்ணையும் எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். திரும்பி வந்த மேஸ்திரி மயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டர்பண்டைன் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தொடச்சிடு."

"நல்லா இல்லைங்களா மேஸ்திரி?"

"நல்லாத்தான் இருக்குது. அதான் பேஜாரு. ஒடம்பு யாருதோ அவன்தான் கண்ணத் தொறக்கணும். நீ தொறந்தா அது உன்னையே பார்த்துக்கினு இருக்கும். என் மயிலு என்னைப் பார்க்க வேணாமா?"

துடைத்தேன். அந்தப் பாடம் நாற்பது வருடம் எனக்கு நினைவிருந்தது. பலருக்கும் சொல்லியிருக்கிறேன். தேவைப்பட்ட அன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பட்டறைக்குப் பிறகு காலண்டர் படங்கள். திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்காக நான் வரைந்த முருகன் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தொங்கினார். எந்த மூலையில் நின்றாலும் அவர் நம்மையே பார்ப்பது போல இருக்கும். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. கருமணியை நட்ட நடுவில் வைத்தால் யார் வரைந்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனாலும் யாராவது அதை அதிசயமாகச் சொன்னால் நான் மறுத்ததில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் திண்டிவனத்தில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. குழந்தைகள் புத்தகங்களில் படங்களுக்கு நான் பொறுப்பு. வரைவேன், பிறர் வரைந்ததைப் பார்த்துத் திருத்தம் சொல்வேன், அச்சுக்கு அனுப்புவேன். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தபோதுதான் கோமதி வந்தாள்.

திருவாமாத்தூரில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பத்துப் பெண். முதுகுப் பையில் ஒரு டேப்லெட். எங்கள் முதலாளி, பதிப்பகத்தைத் தொடங்கியவரின் மகன், நாற்பது வயதுக்காரர், அவளை என் மேசைக்கு அழைத்து வந்தார்.

"சார், ஜல்தியா இதப் பாருங்க. என்னமோ புதுசா இருக்குது."

பார்த்தேன். ஐந்து வெள்ளாடுகள். உடம்பு ஒரே வெள்ளை, நிழல் கிடையாது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்த ஆடுகளுக்கே தெரியாது. கால்கள் குச்சி. கண்கள் புள்ளி.

"ஆடு பக்கவாட்டுல நிக்குது. ஒரு கண்ணுதானேம்மா தெரியணும்? ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்குதே."

"ரெண்டும் தெரிஞ்சாத்தான் சார் ஆடு நம்மகிட்ட பேசற மாதிரி இருக்கும்."

"கண்ணுங்கறே. இது வெறும் புள்ளிதானே?"

"ஆமா சார். புள்ளிதான்."

எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் பேசித் தீர்த்திருப்பேன். அவள் ஒப்புக்கொண்டாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கதையும் அவளுடையதுதான். களத்தில் காயப்போட்ட மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஓர் ஆடு தின்றுவிடுகிறது. வீட்டில் இருப்பது ஐந்து ஆடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே முகம், கழுத்துக் கயிற்றின் நிறம் மட்டும் வேறு வேறு. வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு ஆட்டையும் நிறுத்தி விசாரிக்கிறாள். எந்த ஆடு தின்றது என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். தின்றது மஞ்சள் கயிற்று ஆடு. அதன் வயிறு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நூல் அளவு பெருத்துக்கொண்டே போகும். கூர்ந்து பார்க்கும் பிள்ளைகள் கண்டுபிடிக்கலாம், மற்றவர்கள் ஊகித்துக்கொண்டே வரலாம்.

முதலாளி அவளிடம் சொன்னார்: "இது பசங்ககிட்ட எடுபட்டுச்சுன்னா இந்த வரிசைல மீதி அஞ்சு புக்கும் உனக்குத்தான்மா."

அவள் முகம் எப்படி மாறியது என்று இப்போதும் சொல்ல முடியும். ஆனால் நான் அன்று கவனித்தது முதலாளியின் வியந்த முகத்தை. முப்பது வருடமாக அந்த முகத்தோடு ஆட்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். முதல் தடவையாக அது என் மேசைக்கு வந்து, என்னைத் தாண்டி இன்னொருவரைப் பார்த்தது. பொறாமைதான். வேறு பெயர் வைக்க அப்போது நிறைய முயன்றேன். தரம் என்றேன், குழந்தைகளின் ரசனையை வளர்ப்பது என்றேன். எல்லாம் பொறாமைதான்.

அச்சுக்கு அனுப்பும் முன் பக்கங்களைத் தாளில் எடுத்துச் சரிபார்ப்பது என் வேலை. அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, மெல்லிய தூரிகையால் புள்ளிகளின் மேல் கண் எழுத ஆரம்பித்தேன். விழிவெண்மை, கருமணி, அதில் ஒரு வெளிச்சப் பொட்டு, மேல் இமை, கீழ் இமை, ஓரத்தில் சிவப்பு ரேகை. நாற்பத்தொரு ஆடு, எண்பத்திரண்டு கண். இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு ஆட்டுக்கும் அதன் மனநிலைக்கு ஏற்ற பார்வை கொடுத்தேன். ஒன்றுக்குப் பயம், ஒன்றுக்குத் துக்கம், ஒன்றுக்குக் கோபம். மஞ்சள் கயிற்று ஆட்டுக்குக் கள்ளப் பார்வை. கடைக்கண்ணால் வேறெங்கோ பார்த்தபடி, இமை பாதி தாழ்ந்து. நான் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த கண்களில் அவையும் சேர்த்தி என்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

என் மனைவி முறுக்குத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆட்டுக்கு எதுக்குங்க மை தீட்டிக்கினு இருக்கறீங்க? கல்யாணமா அதுக்கு?"

"மை இல்ல. கண்ணு. பார்வைல கதை தெரியணும்."

"இந்த மஞ்சக் கயிறு ஆடு என்னமோ திருட்டுத்தனம் பண்ணிட்டு வந்து நிக்கற மாதிரி இருக்குது."

"ஆமா. அதுதான் மல்லாட்டையத் தின்னது."

"அதான் பார்த்தாலே தெரியுதே."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

மறுநாள் பஸ் ஏறி விழுப்புரத்தில் அச்சகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பாத்திமா, நான் கொண்டுபோன தாள்களையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சார், ஃபைல்ல புள்ளிக் கண்ணு. நீங்க எடுத்தாந்தது சாமிக் கண்ணு. அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடட்டுமா?"

"அந்தப் பொண்ணு சொல்லித்தான் எடுத்துக்கினு வந்தேன்."

முதல் பொய் இது. சிரமமே இல்லாமல் வந்தது. உங்களில் யாராவது பின்னால் என் மேசை போன்ற மேசையில் உட்கார நேர்ந்தால், "ஒரு போன் போட்டுக் கேட்டுடட்டுமா" என்று யார் கேட்டாலும் "கேளு" என்று சொல்லுங்கள். இந்தத் தொழிலில் நான் கண்ட முழு ஞானமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்ட ஏற்பாடு. முதலாளியும் நானும் காரில் போனோம். கோமதி இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் டீச்சர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் விரித்திருந்தார்கள். கோமதி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று ஒரு பிரதியை எடுத்தாள். அச்சான புத்தகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் பக்கம். ஐந்து ஆடுகளும் வரிசையாக நிற்கின்றன. டீச்சர் படித்தார்: "எந்த ஆடு தின்றது?"

முன் வரிசையில் ஒரு பையன் கை தூக்காமலே சொன்னான். "மஞ்சக் கயிறு டீச்சர்."

"எப்டிடா சொல்றே?"

"மூஞ்சப் பாருங்க டீச்சர். எங்க மாமா பீடி புடிச்சிட்டு வந்து எங்க ஆயா முன்னால நிக்கற மாதிரியே நிக்குது."

எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் கயிற்று ஆட்டைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு சிறுமி மட்டும், "பச்சைக் கயிறு பாவம் டீச்சர், அது ஒண்ணும் பண்ணல, அழுவுது பாருங்க" என்றாள்.

"சரி, பார்க்கலாம். அடுத்த பக்கம்."

"எதுக்கு டீச்சர்? அதான் தெரிஞ்சிபோச்சே."

இன்னும் பத்தொன்பது பக்கம் இருந்தது. டீச்சர் பாவம், குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் படித்தார். ஒவ்வொரு ஆடாக விசாரணைக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் கூட்டாக, "அது இல்ல" என்றார்கள். வயிறு பெருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணைத் தாண்டி அவர்கள் பார்வை கீழே இறங்கவே இல்லை. ஏழாம் பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட ஆரம்பித்தார்கள். பத்தாம் பக்கத்தில் ஒருவன் தூங்கிவிட்டான்.

நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு மூன்றாம் பக்கத்திலேயே புரிந்தது. என்னுடைய பாணியில் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதுதான் அதன் பலம். தெய்வத்துக்கு, வீரனுக்கு, பெரும் துயரத்துக்கு அது வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கோமதியின் புள்ளி எதையும் சொல்லாது. நீயே சொல் என்று பிள்ளையிடம் விட்டுவிடும். அவள் கதை முழுக்க அந்தப் புள்ளியின் மேல் நின்றது. நான் அந்தப் புள்ளிக்கு வாய் கொடுத்துவிட்டேன்.

வாசிப்பு முடிந்ததும் முதலாளி பிள்ளைகள் முன்னாலேயே கோமதியிடம் கேட்டார்.

"ஏம்மா, என்கிட்ட காட்டினது ஒண்ணு, புக்குல வந்தது ஒண்ணா இருக்குது? கண்ண எப்ப மாத்தினே?"

"நான் மாத்தலைங்க."

"பின்னே யாரு மாத்துனாங்க? சார், கடைசியா உங்க கைக்குத்தானே வந்துச்சு?"

வகுப்பே என்னைப் பார்த்தது. கோமதியும் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. அதை யாராவது சரி செய்யக் கூடாதா என்று நினைத்தேன். பத்து விநாடி இருக்கும். அவ்வளவு நேரத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டுத் தண்ணீரும் குடித்துவிடலாம்.

"எனக்கு வந்தபடிதான் அனுப்பிச்சேன்" என்றேன்.

கோமதி புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். "அப்ப நான் கெளம்பறேங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் முதலாளி சொன்னார்: "புது ஸ்டைலெல்லாம் நமக்குச் சரிப்படாது சார். மீதி அஞ்சும் நீங்களே பழைய மாதிரி போட்டுடுங்க." மறுக்க இன்னொரு வாய்ப்பு அது. நான் ஒன்றை வரைந்தேன். ஒரு யானைக் கதை. நெற்றிப்பட்டம், மணி, அம்பாரி என்று எல்லாம் வைத்தேன். பிள்ளைகள் மரியாதையோடு பார்த்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு எனக்கு ஓய்வு வந்தது. மீதி நான்கும் அப்படியே கிடந்தன.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கண் பரிசோதனைக்காக விழுப்புரம் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு பிளே ஸ்கூல் சுவரில் ஐந்து வெள்ளாடுகள். புள்ளிக் கண். ஒரு சின்னப் பிள்ளை அந்தச் சுவர் ஓரமாக நின்று, ஒவ்வோர் ஆட்டிடமும் தன் பிஸ்கட்டை நீட்டி, எது கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா இழுத்தும் வரவில்லை. மருத்துவர் ஊற்றிய மருந்தால் எனக்குக் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காவலாளியிடம் விசாரித்தேன். "திருவாமாத்தூர்ப் பொண்ணு சார். ஸ்கூல் ஸ்கூலா செவுத்துல வரையுது" என்றார்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஒத்திகை பார்த்த அத்தனையும் மறந்து, "அந்தக் கண்ணெல்லாம் நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

"தெரியும் சார்."

"பாத்திமா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அது உங்க முருகன் கண்ணு சார். எங்க வீட்ல அந்தக் காலண்டர்தான் மாட்டியிருந்துச்சு. வருஷம் முடிஞ்ச பிறகும் எங்கம்மா கழட்டல. சின்னதுல நான் மல்லாட்டை மூட்டைகிட்ட போனா போதும், அவரு பார்ப்பாரு. இந்தப் பக்கம் வந்தாலும் பார்ப்பாரு, அந்தப் பக்கம் வந்தாலும் பார்ப்பாரு. ஒரு கை மல்லாட்டை நிம்மதியா தின்னதில்ல. அதுக்கப்புறந்தான் நான் வரையற யாருக்கும் அப்டிக் கண்ணு வெக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்."

அவள் புள்ளியை எங்கோ வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்துப் போட்டிருப்பாள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுடைய புதிய பாணியைத் தொடங்கி வைத்ததே என் பழைய பாணி என்று தெரிந்தபோது பெருமைப்படுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த இடத்திலும் எனக்கு அந்த யோசனை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

"தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் சும்மா இருந்துட்டே?"

"நான் சொல்லி, நீங்க இல்லன்னு சொன்னா, யாரை சார் நம்புவாங்க?"

"மன்னிச்சிடும்மா."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "என்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

முதலில் பாத்திமாவிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே டவுட்டு சார். நீங்க பெரியவங்களாச்சேன்னு உட்டுட்டேன்" என்றாள். அடுத்து முதலாளி. 

"அந்தப் பொண்ண நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா சார்? கேட்டா நான் மாத்தலன்னு பொய் வேற சொல்லுதேன்னு நெனச்சேன்."

"மீதி நாலையும் அவளுக்கே குடுங்க."

"குடுக்கறேன். வாங்குமா, அது தெரியல. நான் கேட்டுக்கறேன். நீங்க அந்தக் கண்ணுக்கு ஒரு வழி பண்ணுங்க. கோடவுன்ல ஒரு பண்டல் பாக்கி இருக்குது. உள்ள போனாலே ஆடுங்க மொறைக்குது."

அந்தப் பண்டலில் நாற்பது புத்தகங்கள். வீட்டுக்கு எடுத்து வந்தேன். கண்களை மறைத்துத் திரும்பப் புள்ளியாக்க வேண்டும். மையைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், வழவழப்பான தாளில் வழிந்து ஆடு அழுதது. மனைவிதான் வழி சொன்னாள். எழுந்து போய்த் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து, மிகச் சிறிய கறுப்புப் பொட்டை உரித்து, மஞ்சள் கயிற்று ஆட்டின் கண்மேல் ஒட்டினாள். கச்சிதமாக மூடியது. புள்ளி.

நாற்பது புத்தகம், ஒவ்வொன்றிலும் எண்பத்திரண்டு. மூவாயிரத்து இருநூற்று எண்பது பொட்டு. கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் இருந்த அட்டையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"வளைகாப்புங்களா சார்?"

"இல்ல. ஆட்டுக்கு."

 வயதானவர்களிடம் எல்லோரும் காட்டும் கருணையோடு ஒரு அட்டை சும்மா கொடுத்தார்.

இரண்டு வாரம் ஒட்டினோம். எண்பத்திரண்டு கண்ணைப் பிசகாமல் எழுதிய கைக்குப் பொட்டை நேராக ஒட்ட வரவில்லை. கோணலாக ஒட்டினால் ஆட்டுக்கு மாறுகண் வந்துவிடும். மனைவி என்னுடையதைப் பிரித்துப் பிரித்துத் திரும்ப ஒட்டினாள். "வரையும்போது கேட்டிருக்கலாம்" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

பிறகு கிளியனூர்ப் பள்ளிக்குப் போனேன். கோமதியைக் கூப்பிட்டதற்கு, "அது உங்க வேலை சார்" என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் வகுப்பில் இப்போது வேறு பிள்ளைகள். அன்று இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். டீச்சர் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார். பெரியவர்களுக்கு விடை தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை.

மூன்றாம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் ஐந்து கயிற்றின் நிறத்தையும் சொன்னார்கள். ஏழாம் பக்கத்தில் கட்சி பிரிந்தார்கள். பத்தாம் பக்கத்தில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "டீச்சர், மஞ்சக் கயிறுக்கு வயிறு வளந்துக்கினே வருது." எல்லோரும் பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தார்கள். திரும்ப முன்னால் வந்தார்கள். கடைசிப் பக்கம் வந்தபோது வகுப்பறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சத்தம் இரண்டு வருடத்துக்கு முன் இதே அறையில் கோமதியின் காதில் விழுந்திருக்க வேண்டியது.

அப்போதுதான் ஒரு விரல் நகம் ஒரு பொட்டைச் சுரண்டியது.

"டீச்சர், இதுக்குள்ள இன்னொரு கண்ணு இருக்குது."

அடுத்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வார வேலை போனது. பிள்ளைகள் ஒவ்வொரு பொட்டாக உரித்து உள்ளே பார்த்தார்கள். "இது பயப்படுது." "இது அழுவுது." "திருடனப் பாரு, திருடனப் பாரு." உரித்த பொட்டுகள் நெற்றியிலும் மூக்கிலும் பெஞ்சிலும் ஏறின. ஒரு பையன் முகம் முழுக்க அம்மை போட்டது போல வந்து நின்றான். முதலில் தாங்களே ஊகித்துவிட்டு, பிறகு என் கண்ணைத் திறந்து சரிபார்த்துக்கொண்டார்கள். என் கண்களுக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது, கதை முடிந்த பிறகு.

"யாரு தாத்தா இந்தக் கண்ணப் போட்டது?"

எழுந்து நின்றேன். "நான்தான் போட்டேன். இந்தப் புக்கை வரைஞ்ச அக்காவைக் கேக்காம போட்டேன். அந்த அக்கா வெச்சது புள்ளிதான்."

பின் வரிசையில் ஐந்தாம் வகுப்புக்காரன் ஒருவன் எழுந்தான். ஆள் வளர்ந்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. பீடி மாமாவின் மருமகன்.

"அன்னிக்குக் கார்ல வந்த சாரு கேட்டப்ப நீங்க இல்லன்னீங்களே."

"ஆமா. பொய் சொன்னேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஃபேனப் பார்த்துக்கினு நின்னீங்க. நான் அப்பவே நெனச்சேன், மஞ்சக் கயிறு மாதிரியே நிக்கறாருன்னு."

வகுப்பு சிரித்தது. டீச்சர் அவனை அதட்டப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவ்வளவு சரியான கலை விமர்சனத்தை யாரும் அதட்டக் கூடாது.

டீச்சர் இதையெல்லாம் போனில் கோமதியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி கேட்டபோது அவள் நான்கு புத்தகங்களையும் ஒப்புக்கொண்டாள். இரண்டு நிபந்தனை. ஆட்டுப் புத்தகம் அவள் போட்ட புள்ளியோடு மறுபடி அச்சாக வேண்டும். இனி அவள் ஃபைல் அவள் கையிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போக வேண்டும், நடுவில் யார் மேசைக்கும் வரக் கூடாது. பொட்டை உரித்துப் பார்க்கும்படியே ஒரு பதிப்பு போடலாமா, பசங்களுக்குப் பிடிக்குதே என்று முதலாளி கேட்டாராம். "வேணாங்க" என்றாளாம். அவர் அதை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் செய்தது சரி என்றேன். அதையே மனதார நினைக்க, வீட்டுக்கு வந்த பிறகு மாலை வரைக்கும் ஆனது.

போன மாதம் கூரியரில் அவளுடைய அடுத்த புத்தகம் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. திண்டிவனம் சந்தையில் ஒரு குடை காணாமல் போகும் கதை. கடைசி இரண்டு பக்கமும் சேர்த்துச் சந்தைக் கூட்டம். பூக்காரி, கேப்பை மூட்டைக்காரர், பஸ் கண்டக்டர், ஐந்து வெள்ளாடுகள், எல்லோருக்கும் இரண்டிரண்டு புள்ளி. ஃபேன்சி ஸ்டோர் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் பொட்டு அட்டையோடு நிற்கிறார். காது, மீசை, சட்டைப் பையில் தூரிகை, எல்லாம் என்னுடையது. கண்ணாடிக்குள் மட்டும் ஒன்றுமில்லை. வெள்ளையாக விட்டிருக்கிறாள்.

அச்சுப் பிழையா என்று கேட்க அவளுக்குப் போன் செய்யவில்லை. அவள் எதையும் மறந்து விடுகிறவள் இல்லை.

மனைவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "ரெண்டு புள்ளிதானே. நீங்களே வெச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது."

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடியைப் போட்டுவிட்டேன்.

"ஒடம்பு அந்தப் பொண்ணுது" என்றேன்.